மூன்றாவது ஓலை

தலைச்சோலை
28.8.2024

என் மகள் ஜெஸ்லினுக்கு அப்பா எழுதுவது.

கையெழுத்து கோணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். கோடு போட்ட தாள்தான். ஆனாலும் எழுத்துகள் காப்பித் தோட்டத்தில் புகுந்த ஆடு மாதிரி போகின்றன. இந்த ஒரு பக்கத்துக்கு நான்கு நாள் ஆனது. அறுபத்தெட்டு வயதில் நான் எழுதும் முதல் கடிதம். எழுத்தறிவு வகுப்பு கலாவதி டீச்சர் திருத்தித் தருகிறேன் என்றார். "வேண்டாங்க டீச்சர், எம் புள்ளைக்கு நானே எழுதோணும்" என்று சொல்லிவிட்டேன்.

போன வாரம் உன் அண்ணன் பிரகாஷ் மாதா கோயிலிலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தான். உன் கல்யாணத்துக்காக அப்பா கைநாட்டு வேண்டுமாம். மை டப்பாவை நீட்டினான். "அதைத் தூக்கி எறிடா" என்று பேனாவை வாங்கிக் கையெழுத்தே போட்டேன். என் பேரில் மூன்று 'ஸ்' வருகிறது. மூன்றும் சரியாக விழுந்தன! அந்தச் சந்தோஷத்தில் மேலே என்ன எழுதியிருந்தது என்று பார்க்கவில்லை.

செப்டம்பர் 8, 15, 22 மூன்று ஞாயிறும் பூசையில் உனக்கும் வசந்துக்கும் கல்யாணம் என்று ஓலை வாசிப்பார்கள். தடை இருப்பவர்கள் அதற்குள் பங்குச்சாமியிடம் சொல்ல வேண்டும். யார் சொல்லப்போகிறார்கள்? நீ போனில் சரி என்றதை வீடே கேட்டதே.

நீயும் எழுது. நானே படிப்பேன்.

அப்பா,
ஸ்தனிஸ்லாஸ்


போர்ட் பிளேர்
9.9.2024

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தை நர்ஸ் விடுதி முழுக்கக் காட்டினேன். மூன்று 'ஸ்'ஸும் அழகு.

நேற்று ஞாயிறு எனக்கு லீவு. அங்கே முதல் ஓலை வாசிக்கும் நேரத்தில் அறையில் உட்கார முடியவில்லை. தனியாக நீல் தீவுக்குக் கப்பலேறினேன். இறங்கியதும் வாடகை சைக்கிள் கேட்டேன். கடைக்காரர் ராமநாதபுரத்துக்காரர்.

"மழை வர்ற மாதிரியும் இருக்கு, வராத மாதிரியும் இருக்கு. தனியாவாம்மா வந்தே?"

"தனியாத்தாங்க."

"அப்ப நனைஞ்சாலும் ஒரு ஆளுதான். போயிட்டு வா."

தீவு தட்டை. நம் மலையில் பாதித் தூரம் சைக்கிளைத் தள்ளத்தான் வேண்டும், இங்கே மிதித்தால் போய்க்கொண்டே இருக்கிறது. வயலும் வாழையும் கடந்தேன். ஒரு பக்கம் வெயில், ஒரு பக்கம் கடல்மேல் கருப்பு. களத்தில் காப்பி காயும்போது, மேகம் பள்ளத்திலிருந்து ஏறி வருவதற்குள் நமக்குத் தார்ப்பாய் இழுத்து மூட நேரம் கிடைக்குமே, அதே கணக்கில் இருந்துவிட்டேன். கடல் மழைக்கு ஏறி வரும் வேலையே இல்லை. ஒரே அடியாக அடித்தது. காய்கறி விற்கும் வங்காளி அம்மா ஒருவர் காலிச் சாக்கைக் கொடுத்தார். மூலையை மடித்துக் கொங்காடை போட்டேன். அதைப் பார்த்து அவரும் ஒன்று மடித்துத் தலையில் போட்டுக்கொண்டார். அவர் பேச்சு எனக்குப் புரியவில்லை, என் பேச்சு அவருக்குப் புரியவில்லை. சிரித்துக்கொண்டே நின்றோம்.

பிறகு வெயில், திரும்ப மழை. எந்தப் பாதையில் திரும்புவது, எங்கே நிற்பது, எல்லாம் அன்றைக்கு நானே முடிவு செய்தேன். கப்பலில் திரும்பும்போதுதான் இதையும் முடிவு செய்தேன்.

அப்பா, எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம். வசந்த் நல்லவர்தான். ஆனால் வேலையை விட்டுவிட்டு சேலத்தில் வந்து இருக்கச் சொல்கிறார்கள். அண்ணன் ஸ்பீக்கரைப் போட்டு, பின்னால் அத்தனை பேர் குரலும் கேட்கும்போது எனக்கு "சரி" தவிர வேறு எதுவும் வாயில் வரவில்லை. இதை நீங்கள் மட்டும் படிப்பீர்கள் என்பதால் எழுத முடிந்தது. மூன்றாவது ஓலைக்குள் வந்து சேருமா, தெரியவில்லை.

உங்கள்
ஜெஸ்லின்


தலைச்சோலை
23.9.2024

கண்ணு ஜெஸ்லின்,

உன் கடிதம் சனிக்கிழமை மத்தியானம் வந்தது. படித்து முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. "வேண்டாம்" என்ற இடத்தை மூன்று முறை எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் படித்திருந்தேன்.

பிரகாஷிடம் சொன்னேன். "போன்ல சரின்னவ லெட்டர்ல வேண்டாங்கறாளா? நாளைக்கு ஓலை முடிஞ்சா அவளே சரியாயிருவா. மானத்தை வாங்காதீங்கப்பா" என்று குதித்தான்.

"அவ சரின்னது உன்ற ஸ்பீக்கருக்குடா" என்றேன்.

ஞாயிறு முதல் பூசைக்கு முன்பே பங்குச்சாமியைப் பார்த்து, ஓலையை நிறுத்தச் சொன்னேன். அவர் அந்தத் தாளை எடுத்துக் காட்டினார்.

"கையெழுத்துப் போட்டது நீங்கதானே?"

"நாந்தானுங்க சாமி. படிக்காமப் போட்டுட்டேன்."

"இப்ப படிங்க."

நின்றுகொண்டே படித்தேன். 'என் மகளின் முழுச் சம்மதத்தை நானே கேட்டறிந்தேன்' என்று இருந்தது. நான் கேட்கவேயில்லையே கண்ணு. ஒருநாளும் கேட்கவில்லை. சாமியார் பேனா கொடுத்தார். அந்த வரியை அடித்துவிட்டு, 'கேட்டேன், சம்மதம் இல்லை' என்று கீழே எழுதினேன். மூன்றாவது ஓலை வாசிக்கப்படவில்லை.

மத்தியான பஸ்ஸில் சேலம் இறங்கி வசந்த் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அந்தத் தம்பி, "நேர்ல வந்து சொன்னீங்களே, அதுவே போதுமுங்க" என்று டீ வாங்கிக் கொடுத்தது. அவன் அம்மாவுக்குத்தான் ஆறவில்லை. "எழுதப் படிக்கக் கத்துக்கிட்டது இதுக்குத்தானுங்களா?" என்றார்.

"ஆமாங்க, இதுக்குத்தான்னு நேத்துத்தான் தெரிஞ்சுது" என்றேன்.

பிரகாஷ் என்னோடு பேசுவதில்லை. பேசுவான், சோற்றுக்கு உட்கார்ந்தால் குழம்பைத் தள்ளச் சொல்லித்தானே ஆக வேண்டும்.

இத்தனை பேர் இருக்கிற வீட்டில் என்னிடம் சொன்னாயே, அதற்கு அப்பா உனக்கு நன்றி சொல்கிறேன். வேண்டாததைச் சொல்லிவிட்டாய். இனி என்ன வேண்டும் கண்ணு? இந்த முறை கேட்டுவிட்டேன். அவசரம் இல்லை, நன்றாக யோசித்து எழுது. உன் பதில் வந்தாலும் வராவிட்டாலும், வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் நான் உட்கார்ந்து உனக்கு எழுதுவேன்.

அப்பா