கதவருகே போய் நிற்கும் பந்து

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் ஏதோ நலமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருந்தால் எங்களுக்கு அதுவே போதும். போனில் நீ கேட்கும்போதெல்லாம் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதால் எல்லாம் நல்லாத்தான் இருக்கு என்று வைத்துவிடுகிறேன். அவள் காதுபட சொல்ல முடியாத சங்கதி ஒன்று இருக்கிறது, அதனால்தான் கடிதம்.

அம்மாவின் முதுகுவலிக்கு வீட்டுக்கு வந்து பார்க்கும் பிசியோதெரபிப் பெண் ஒரு பெரிய காற்றுப் பந்து வாங்கச் சொன்னாள் என்று சொன்னேன் அல்லவா, நீல நிறம், முழங்கால் உயரம். காலால் மிதிக்கும் பம்ப்பில் நான் மூச்சு வாங்க வாங்கக் காற்றடித்ததைப் பார்த்து, பந்துக்கு முன்னாடி நீங்க வெடிச்சிடுவீங்க போலிருக்கே என்று அம்மா சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று! முதலில் அதன்மேல் உட்காரவே பயம், நான் தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு மல்லாந்து படுத்துக் கெண்டைக்காலைப் பந்தின்மேல் வைத்து இடுப்பைத் தூக்கப் பழகினாள். பயிற்சி முடிந்ததும் கூடத்து நடுவில் பந்தை விட்டுவிட்டுக் குளிக்கப் போவாள். வந்து பார்த்தால் பந்து அங்கே இருக்காது. உன் அண்ணன் அறைக் கதவில் போய் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

அண்ணன் அந்த விபத்தில் போனதிலிருந்து அம்மா அந்தக் கதவைத் தொட்டதே இல்லை, உனக்குத் தெரியும். நான்தான் எப்போதாவது தூசி தட்டுவேன். மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ பந்து அப்படிப் போய் நின்றபோது, அவன் கூப்பிடுறான், நாமதான் கதவைச் சாத்தி வச்சிருக்கோம் என்று சொல்லித் தானே கதவைத் திறந்துவிட்டாள். பந்து உருண்டு உள்ளே போய் அவன் கட்டிலைத் தாண்டி ஜன்னல் சுவரில் முட்டி நின்றது. அவளும் பின்னாலேயே போனாள். அன்றிலிருந்து பயிற்சியெல்லாம் அங்கேதான். அந்தச் சுவருக்கும் முதுகுக்கும் நடுவே பந்தை வைத்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்து எழுவாள், வாய் ஏதோ பேசிக்கொண்டே இருக்கும். நான் எட்டிப் பார்த்தால் நிறுத்திவிடுவாள். முதுகு என்னவோ தேறிவிட்டது, நன்றாகச் சாப்பிடுகிறாள், படுக்கையையும் அங்கேயே மாற்றிக்கொண்டாள். பந்து ஏன் எப்போதும் அந்தப் பக்கமே ஓடுகிறது என்றுதான் எனக்குப் புரியவில்லை.

அவளுக்குத் தெரியாமல் கொத்தனாரைக் கூப்பிட்டேன். அவர் ஒரு கோலிக்குண்டைக் கூடத்தில் வைத்தார், அது நேரே அந்த அறைக்குள் ஓடியது. கட்டிலை நகர்த்திப் பார்த்தார், ஜன்னலுக்குக் கீழே சுவர் விரல் நுழையும் அளவுக்கு வெடித்திருக்கிறது. அடியில மண்ணு இறங்கிட்டே வருதுங்க, இந்த ரூம்ல யாரையும் படுக்க விடாதீங்க, சுவத்துல சாயவும் கூடாது என்றார். காரணம் தெரிந்துவிட்டது என்று நிம்மதிப்பட வேண்டியவன்தான் நான். ஆனால் மறுநாள் அம்மா குளிக்கும் நேரத்தில் பந்தைக் கூடத்தில் வைத்துவிட்டு அந்த அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். காற்றில் சாத்திக்கொண்ட கதவில் அது வந்து மெத்தென்று முட்டியதும், வரேன்டா என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. யாரிடம் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

சொல்லாமல் இருக்க முடியுமா, அம்மாவிடம் சொன்னேன். தரை சரிவாகிவிட்டது, அதனால்தான் உருள்கிறது, சுவர் உன்மேல் விழுந்துவிடும் என்றேன். அம்மா அழுவாள் என்று நினைத்தேன். தெரியும், வெடிப்பை முதல் நாளே பாத்துட்டேன், சொன்னா நீங்க ரூமைப் பூட்டிடுவீங்க என்றாள். தெரிந்தே அந்தச் சுவரில் சாய்ந்திருக்கிறாள் பாப்பா.

வேலை நடந்தபோது பக்கத்துத் தெருவில் வாடகைக்கு இருந்தோம். இப்போது அடித்தளத்தைப் பலப்படுத்தி, சுவரைக் கட்டி, தரையைச் சமமாக்கிவிட்டார்கள், பயப்பட ஒன்றுமில்லை. திரும்பி வந்த பிறகு பந்து வைத்த இடத்திலேயே நிற்கிறது. அம்மா குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து அதைப் பார்ப்பாள், அப்படியே சமையலறைக்குப் போய்விடுவாள். பயிற்சியையும் குறைத்துக்கொண்டாள், சாப்பாடும் பழையபடி கொறிப்பதுதான். பொறுக்கமுடியாமல் ஒருநாள் அவள் குளியலறையில் இருக்கும்போது பந்தைக் காலால் தள்ளிக் கதவருகே விட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவன்போல் பேப்பரை விரித்துக்கொண்டேன். வெளியே வந்தவள் பந்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். காலால தள்ளாதீங்க, கையால உருட்டுங்க என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குள் போனாள்.

அதற்குப் பிறகு கையால்தான் உருட்டுகிறேன். இன்று கடையில் கூட்டம், வரத் தாமதமாகிவிட்டது. வந்தால் பந்து கதவருகே நிற்கிறது, அம்மா அப்போதுதான் ஈரத்தலையோடு குளியலறையிலிருந்து வருகிறாள். நீயா என்று நான் அவளைக் கேட்கவில்லை. நீங்களா என்று அவளும் கேட்கவில்லை.

நீ நாள் முழுக்க நாற்காலியிலேயே கிடக்காதே, நடுவில் எழுந்து நட. இந்தக் கடிதத்தைப் பற்றி அம்மாவிடம் மூச்சு விடாதே. விடுமுறைக்கு வரும்போது அண்ணன் அறையிலேயே படுத்துக்கொள், அவளுக்கு ஆறுதலாக இருக்கும். நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அப்பா