அப்பா விதைநெல் கழுவிய கதை

கிளிநொச்சி,
ஐப்பசி மாதம்.

அன்பு மகள் சாரங்காவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, சிவப்பிப் பசு எல்லோரும் சுகம், நீயும் அந்த நோர்வேக் குளிரில் சுகமாக இருக்க வேண்டுமென்று பிள்ளையாரை நாள் தவறாமல் நச்சரித்துக்கொண்டிருக்கிறேன். போன் இருக்க ஏன் கடிதம் என்று யோசிப்பாய். ஞாயிறுவரை பொறுக்காமல் நான் போன் எடுத்தால் அப்பா கதவுக்குப் பின்னால் நின்று கேட்பார், இது அவரைப் பற்றிய கதை. பக்கத்து வீட்டு ராஜினியின் தங்கை சிவரூபி லீவு முடிந்து அங்கே திரும்புகிறாள், அவளிடம் எள்ளுருண்டையோடு இதையும் கொடுத்துவிடுகிறேன். அப்பா ஏன் இப்போதெல்லாம் போனுக்கு வருவதில்லை, எதையும் மறைக்கிறீர்களா என்று போன ஞாயிறு அழுதாய். அவருக்கு நோய், வருத்தம் ஒன்றும் இல்லை, மூன்று நேரமும் நன்றாகச் சாப்பிடுகிறார்.

வினை நீ வீடியோவில் உன் படிப்பை விளங்கப்படுத்திய அன்று தொடங்கியது. தாய்ச்செடி தன்னோடு கூடி வாழும் நல்ல பற்றீரியாக்களை விதைக்குள் வைத்துத்தான் பிள்ளையை அனுப்புகிறது, முளைத்து வரும் கன்றுக்கு நோயைத் தாங்கவும் மண்ணில் சாப்பாடு தேடவும் அவை துணை என்றாய். அப்பாவுக்குப் பெருமையில் புளுகம் தாங்கவில்லை. அது தாய் கொடுத்துவிடும் சீதனம் என்று கமக்கார அமைப்புக் கூட்டத்தில் ஊர் விவசாயிகள் எல்லோருக்கும் முன்னால் எழும்பி நின்று சொல்லியிருக்கிறார். விதையின் வெளிப்பக்கத்தைக் குளோரின் தண்ணீரில் கழுவிவிட்டு உடைத்துப் பார்த்தாலும் உள்ளே பற்றீரியா உயிரோடு இருக்கும், அதனால்தான் அது தாயிடமிருந்து வந்தது என்று தெரியும் என்றும் காட்டினாய் அல்லவா, அதில் அவர் கழுவுவதை மட்டும் பிடித்துக்கொண்டார்.

விதைநெல் ஊறப்போட்ட அன்று நான் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குப் போடத் தந்த குளோரின் தூளைக் குசினி அலுமாரியிலிருந்து எடுத்து நெல் ஊறிய பீப்பாவுக்குள் கொட்டிவிட்டார். நீ ஒரு சின்னக் குப்பியில் சில துளி விட்டு, கொஞ்ச நேரத்தில் அலசிவிடுகிறாய். இவர் முழு டின்னையும் கொட்டி விடியும்வரை ஊறவிட்டார். தூள் பழசாம், வேகம் குறைந்திருக்குமாம். நான் கத்தினேன். வெளியில இருக்கிறது ஊர்க் குப்பை, உள்ளுக்க இருக்கிறதுதான் சீதனம், என்ர பிள்ளை அங்க இப்பிடித்தான் செய்யிறாள், நீர் சும்மா இரும் என்றார். பிறகு சாக்கில் கட்டி வைக்கோலால் மூடினோம். மூட்டை சூடு பிடிக்கவுமில்லை, ஒரு முளை எட்டிப் பார்க்கவுமில்லை, மணம் மட்டும் தெருவரைக்கும் போனது. அக்கா, வீட்டில ஆருக்கும் ஒப்பரேசனோ என்று ராஜினி வேலிக்கு மேலால் கேட்டாள். குளித்த நெல்லுக்குக் கிட்டக் கோழிகூட வரவில்லை. உள்ளே இருந்த சீதனத்தை விடு, கலியாணப் பொம்பிளையே போய்விட்டாள்.

உனக்குத் தெரியும், மொட்டைக்கறுப்பன் நெல் இந்தப் பக்கத்தில் எங்களிடம் மட்டும்தான் இருந்தது, விதைக்கென்று வைத்த அவ்வளவும் போனது. இனி அது இருக்கிற ஒரே இடம் தண்ணீரூற்றுக் கிராமத்தில் என் தம்பி தங்கராசா வீடு, அவனுக்கு நாங்களே கொடுத்த விதை. ஆனால், அத்தான் உங்கட லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் இருமுது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ என்று அவன் பகிடி விட்ட நாளிலிருந்து அப்பா அவன் வாசல் மிதிக்கவில்லை. மழையோ தலைக்கு மேல் நின்றது. கடைசியில் நல்ல வேட்டி கட்டி, செத்த வீட்டுக்குப் போகிற முகத்தோடு பஸ் ஏறினார். தங்கராசா கேட்டுவிட்டுத் தேத்தண்ணீர் மூக்கால் வரச் சிரித்தானாம். சிரித்து முடிய மூட்டையைத் தானே சுமந்து வந்து பஸ்ஸில் ஏற்றிவிட்டானாம். அந்த நெல்லை வெறும் தண்ணீரில்தான் ஊறப்போட்டோம். பொசுபொசுவென்று முளைத்து, விதைத்தும் முடிந்தது, வயல் இப்போது பச்சை.

அப்படியிருந்தும் நீ போன் எடுக்கும் நேரம் பார்த்துச் சிவப்பியை அவிழ்த்துக்கொண்டு மேய்க்கப் போய்விடுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மாடு தின்ன முடியாமல் திண்டாடுகிறது. வெட்கமாக்கும் என்று நினைத்து நேற்று மறித்துக் கேட்டேன். வெக்கமில்லையப்பா, இதைக் கேள்விப்பட்டால் அப்பாவுக்குச் சொல்லிப் பிரயோசனமில்லை எண்டு பிள்ளை இனி எனக்கு ஒண்டும் விளங்கப்படுத்த மாட்டாள் என்றார். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த எனக்கு அழுகை வந்துவிட்டது.

காதை மூடித் தொப்பி போடு, சோற்றைக் குளிரப் போட்டுத் தின்னாதே, எள்ளுருண்டையை அறையில் இருக்கிற பிள்ளைகளுக்கும் கொடு. நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடி நீடூழி வாழ்க. மறந்துவிடாதே, வருகிற ஞாயிறு நீ எடுக்கும்போது மாட்டை நான் கட்டி வைத்து, அப்பாவைப் போனுக்கு முன்னால் இருத்துகிறேன். நெல்லைப் பற்றி ஒன்றும் கேளாதே. உன் வேலையில் புதிதாக ஏதாவது, எதுவானாலும் சரி, அவருக்கு ஆறுதலாக விளங்கப்படுத்து.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா,
ம. கமலாசனி