இடது மட்கார்டு

மார்ச் 3, திங்கள்

நிறம் பிடித்துவிட்டேன். நான்காவது கலவையில்!

வீட்டுப் பழைய டிராக்டரின் டேங்கைக் கட்டியிருக்கும் இரும்புப் பட்டையைக் கழற்றியபோது, அதன் அடியில் வெயிலே படாத ஒரு விரல் அகலம் கிடைத்தது. அறுபது வருடத்துக்கு முன் கம்பெனியில் அடித்த நீலம், அப்படியே இருக்கிறது. மற்ற இடமெல்லாம் துவைத்துத் துவைத்து வெளுத்த சட்டை மாதிரி. இருபத்தாறு வருடமாக வண்டிப் பெயிண்ட் கடையில் கலர் கலக்குகிறவளுக்கு இது பெரிய காரியமில்லை. இருந்தாலும் பெருமையாகத்தான் இருக்கிறது.

மெக்கானிக்கிடம் காட்டினேன். (கல்யாணமாகி ஐந்து மாதம். எனக்கு ஐம்பத்தோரு வயதில் முதல் கல்யாணம், அவருக்கு இரண்டாவது. 'என் கணவர்' என்று எழுத இன்னும் கை வரவில்லை. கடைக்குத் தின்னர் வாங்க வந்த காலத்துப் பெயரே இருக்கட்டும்.) டப்பா மூடியில் தடவியிருந்த நிறத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அதேதான்."

"பளபளன்னு அடிச்சிடலாமாங்க? மேல கிளியர் கோட் கொடுத்தா முகம் பார்க்கலாம்."

"உன் இஷ்டம்."

ஏப்ரல் கடைசியில் பழைய வண்டிகள் கண்காட்சி. இத்தனை வருடத்தில் இந்த டிராக்டர் அங்கே போனதே இல்லையாம். இந்த முறை மணப்பெண் மாதிரி போகும். என்னைவிட லட்சணமான மணப்பெண்ணாக.

மார்ச் 6, வியாழன்

கண்காட்சிக் குழுவிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். சட்டைப்பையில் நிஜமாகவே பூதக்கண்ணாடி. இனி அதுதான் அவர் பெயர். வண்டியை மூன்று சுற்று சுற்றினார், குனிந்தார், ஒரு நட்டை முகர்ந்துகூடப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"அம்மா, இது கம்பெனியை விட்டு வந்தப்பவே மின்னலை. மங்கலாத்தான் வந்துச்சு. பாருங்க, இங்க பெயிண்ட் வழிஞ்சு நின்னிருக்கு. அவசரத்துல அடிச்சிருக்கான். அந்த அவசரத்தைக் கூட அழிக்கக் கூடாது."

"வழிஞ்சிருந்தா எங்க கடையில திட்டு விழும் சார்."

"புதுசா எத்தனை தடவை வேணும்னாலும் அடிக்கலாம். பழசு ஒரு தடவைதான்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. கீறலுக்கும் வழிசலுக்கும் பூஜை செய்யும் ஆள்! என் வேலையே அதையெல்லாம் இல்லாமல் செய்வது. மெக்கானிக் ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். அவர் ஏற்கனவே இறுக்கிய போல்ட்டை மறுபடி இறுக்கிக்கொண்டிருந்தார்.

அவருக்காகத்தானே செய்கிறேன்? நாலு பேர் நின்று பார்க்கட்டும் என்றுதானே?

மார்ச் 9, ஞாயிறு

இன்று ஆரம்பித்தேன். இருப்பதிலேயே மோசமான இடம் இடது மட்கார்டின் மேல்பக்கம். சக்கரத்தின் மேல் வளைந்து நிற்கும் அந்தத் தகட்டில், ஒரு ஆள் உட்காரும் அகலத்துக்குப் பெயிண்டே இல்லை. வெறும் இரும்பு, வழவழவென்று. ஓரங்களில் நீலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போயிருந்தது. மூட்டை ஏற்றித் தேய்த்திருப்பார்கள் என்று நினைத்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஓரத்தைச் சமன் செய்து, பட்டி பூசி, காய்ந்ததும் சாம்பல் நிற ப்ரைமரும் கொடுத்தேன். எங்கே ஆரம்பித்தது, எங்கே முடிந்தது என்று இனி எவனும் கண்டுபிடிக்க முடியாது.

மெக்கானிக் இரண்டு டம்ளர் டீயோடு வந்தார். மட்கார்டைப் பார்த்தார். ஒரு டம்ளரை என் பக்கத்தில் வைத்துவிட்டு இன்னொன்றோடு திரும்பிப் போய்விட்டார். அப்புறம் மத்தியானம் வரை சுத்தமாக இருந்த ஸ்பேனர்களையெல்லாம் துடைத்துக்கொண்டிருந்தார்.

டீயில் சர்க்கரை இல்லை. ஐந்து மாதத்தில் ஒருநாளும் மறந்ததில்லை.

மார்ச் 10, திங்கள்

பேசுகிறார். ஆனால் எல்லாவற்றுக்கும் 'ம்' தான்.

மார்ச் 12, புதன்

அவருடைய மகள் வந்திருந்தாள். இரண்டு மணி நேர பஸ் தூரத்தில் ஆஸ்பத்திரி வேலை. நல்ல பெண். என்னை எப்படிக் கூப்பிடுவது என்று மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை. 'இந்தாங்க', 'கேளுங்க' என்று ஒப்பேற்றுகிறாள். நானும் அவசரப்படுத்தவில்லை.

டிராக்டரைக் காட்டக் கொட்டகைக்குக் கூட்டிப்போனேன். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இதை யாரு மூடினது?"

"நான்தான்மா. ரொம்பத் தேய்ஞ்சு போயிருந்துச்சு."

"அது அம்மா உட்கார்ற இடம்."

பத்தொன்பது வருடம். வழியில் நின்றுபோன வண்டிகளைச் சரிபார்க்க அவர் போகும்போதெல்லாம், காலமான முதல் மனைவியும் அந்த மட்கார்டில் ஏறி, டூல்ஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போவாளாம். பிறகு பெட்டிக்குப் பதிலாக இந்தப் பெண். பிறகு இரண்டும். மூட்டை தேய்த்தது அல்ல அது. ஒரு மனுஷி தேய்த்தது.

"அப்பா சொல்லலையா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "சொல்லமாட்டாரு. உங்க மனசு கஷ்டப்படுமேன்னு பார்ப்பாரு." கோபமே இல்லை அவள் குரலில். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

என்ன காரியம் பண்ணிட்டேன் நான்... உப்புத்தாள் வெச்சு — இந்தக் கையாலயே — ஓரத்தைச் சமன் பண்ணேன்னு பெருமை வேற. நாலு நாளா அந்த மனுஷன் அதைப் பார்த்துக்கிட்டே என்கூட உட்கார்ந்து சாப்பிட்டிருக்காரே. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? சொல்ல முடியாத இடத்துலயா நான் இருக்கேன்?

மார்ச் 13, வியாழன்

கேட்டுவிட்டேன். அடுப்படியில், அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது.

"ஏங்க சொல்லலை?"

குழாயை மூடினார். "நீ இந்த வீட்டுக்கு வந்து முதல் தடவையா ஆசைப்பட்டுக் கேட்டது அது. அதுல போய், அவ உட்கார்ந்த இடம், தொடாதேன்னு எப்படிச் சொல்றது?"

"அதுக்கு? அவங்க படத்தைக் கழட்டிட்டீங்க. ஹால் சுவத்துல ஒரு சதுரம் மட்டும் கலர் வெளுக்காம இருக்கு. நான் கலர் கலக்கறவ, எனக்குத் தெரியாதா? இப்ப இதையும் அழிக்க விட்டுட்டீங்க. அந்தப் பொண்ணுக்கு என்ன மிச்சம் வெச்சிருக்கீங்க? காலியான வீட்டுக்கு வாழ வரேன்னு நான் எப்பவாவது சொன்னேனா? அவங்களை மறந்துட்ட ஆள்னு தெரிஞ்சிருந்தா உங்களைக் கட்டிக்கவே மாட்டேன்!"

கையில் சோப்பு நுரையோடு ஸ்டூலில் உட்கார்ந்து அழுதார். அவள் பெயரைச் சொல்லி அழுதார். நான் வந்த பிறகு அந்தப் பெயரை இன்றுதான் அவர் வாயால் கேட்கிறேன். தலையை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

பொறாமை இல்லையா என்றால், இருந்தது. கொஞ்சம். இங்கேயும் பொய் எழுத இது என்ன வேலைக்கு விண்ணப்பமா?

மார்ச் 16, ஞாயிறு

பட்டியை எடுத்தாயிற்று. தின்னரில் நனைத்த துணியைப் போட்டு ஊறவைத்து, மரச்சில்லால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினோம். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இரும்பு அப்படியே திரும்பக் கிடைத்தது. ஆனால் முன்பக்க ஓரத்தில், நீலம் கரைந்து இரும்பாக மாறும் இடம் ஒரு உள்ளங்கை அகலத்துக்குப் போனது போனதுதான். அங்கே என் உப்புத்தாளின் கீறல்கள் குறுக்கும் நெடுக்குமாக நிற்கின்றன.

என்னால் அதைத் திரும்பக் கொண்டுவர முடியும். அதே நீலம் கையில் இருக்கிறது. மூன்று பூச்சு அடித்து, துணியால் தேய்த்துத் தேய்த்து, பத்தொன்பது வருடத்தை இரண்டு நாளில் செய்துவிடுவேன். பூதக்கண்ணாடிக்கே தெரியாது. பிரஷ்ஷைக்கூட எடுத்துவிட்டேன்.

"அவங்க மாதிரி தேய்ச்சுக் கொடுத்துடவா?"

"வேணாம். அது நீ உட்கார்ந்து தேய்ச்சதும் இல்லை, அவ தேய்ச்சதும் இல்லை. யாரோ மாதிரி ஆயிடும்." பிறகு கீறலை விரலால் தடவிப் பார்த்து, "இது இருக்கட்டும். கைவேலை ஒரே சீரா இருக்கு," என்றார்.

மனுஷனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அழுகை.

மார்ச் 23, ஞாயிறு

பெயிண்ட் எதுவும் இல்லை. மண்ணை மட்டும் கழுவி, ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு வண்டி முழுவதும் துடைத்தோம். வெளுத்த நீலம் உள்ளிருந்து எழுந்து வந்தது. மின்னவில்லை, ஆனால் முகம் தெளிந்த மாதிரி இருந்தது. நான் கலந்த எந்த நீலமும் இப்படி இருந்ததில்லை. ஒப்புக்கொள்கிறேன், எழுதியும் வைக்கிறேன், கடையில் மட்டும் சொல்லமாட்டேன்.

துடைத்துக்கொண்டே கதை சொன்னார். முதல் மனைவி ஒருமுறை இந்த வண்டியை ஓட்டிப் பார்க்கிறேன் என்று கொட்டகைக் கதவை இடித்தாளாம். "பிரேக்கைக் காட்டறதுக்குள்ள கதவே போச்சு." இவ்வளவு பேசுகிற ஆளா இவர்! அவள் படமும் ஹாலுக்கு வந்துவிட்டது. நல்ல பெரிய கண்கள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

கண்காட்சி. பக்கத்தில் ஒரு சிவப்பு டிராக்டர், அடித்திருந்த பளபளப்பில் ஒருவர் பானெட்டைப் பார்த்துத் தலைவாரிக்கொண்டு போனார். கூட்டமெல்லாம் அங்கேதான். நல்ல வேலை அது, குறை சொல்ல முடியாது. வழிசல் ஒன்றுகூட இல்லை.

எங்களுடையதைப் பூதக்கண்ணாடி அரைமணி நேரம் பார்த்தார். இடது மட்கார்டில் நின்றார். "இந்தக் கீறல் மட்டும் புதுசா இருக்கே?"

"நான்தான் சார். மார்ச் ஒன்பதாம் தேதி."

ஏதோ குறித்துக்கொண்டார். பரிசு இல்லை. சாயங்காலம் மகள் வந்தாள். 'தொடாதீர்கள்' என்று எழுதியிருந்த கயிற்றைத் தாண்டி ஏறி, அம்மா இடத்தில் உட்கார்ந்து, அப்பாவையும் என்னையும் பார்த்துக் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

ஜூன் 1, ஞாயிறு

போன வாரம் எங்கேயோ ஒரு வண்டி நின்றுவிட்டது என்று ஆள் வந்தபோது, "வரியா?" என்று கேட்டார். அந்த டிராக்டரில்தான். இடது பக்கம் ஏற மனம் வரவில்லை. வலது மட்கார்டில் ஏறினேன். பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. முதல் பள்ளத்திலேயே அவர் சட்டைக் காலரைப் பிடித்ததில் இரண்டு பொத்தான் தெறித்துவிட்டது.

இன்று காலை கொட்டகையில் வெல்டிங் சத்தம். போய்ப் பார்த்தால், வலது மட்கார்டில் வளைந்த ஒரு கைப்பிடி, புத்தம் புதிது. கம்பெனி வைக்காத சாமான். பூதக்கண்ணாடி பார்த்தால் மயக்கம் போட்டு விழுவார்.

"இனிமே கண்காட்சிக்குள்ள விடமாட்டாங்களேங்க."

"விடாட்டி போகுது."

நீல டப்பாவைத் திறந்தேன். அவர் மூடியை வாங்கி மறுபடி அழுத்தி மூடினார்.

"பெயிண்ட் இல்லாட்டி துரு ஏறிடும்," என்றேன்.

"தினம் உன் கை பட்டா ஏறாது."

வழியில் நின்ற இன்னொரு வண்டியைப் பார்க்க நாளைக்குக் காலை ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டுமாம். கடைக்கு லீவு சொல்லிவிட்டேன்.