விதைக்கிழங்கு

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணனுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் என் குரல் கேட்டதும் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார். அப்புறம் நீயும் நானும் மழையைப் பற்றித்தான் பேச முடிகிறது. அதனால் எழுதுகிறேன். நீயும் சோம்பல்படாமல் எழுது.

மூன்றாம் வருடம் ஆளைப் பிழிகிறது. காலையில் கல்லூரிப் பண்ணையில் மண் தோண்டிவிட்டு, மதியம் அதே செருப்போடு வணிகவியல் கட்டடத்துக்கு ஓட வேண்டும். அங்கே என் பக்கத்து நாற்காலி எப்போதும் காலிதான். உர வாடையாம். இந்தப் பக்கம் வேளாண் வகுப்பில் எனக்குப் பெயர் ‘கடைக்காரி’. இரண்டு பட்டமும் சேர்த்துப் படித்தால் இரண்டு பக்கமும் மரியாதை கிடைக்கும் என்று அப்பா நம்பினார், பாவம். “விளைய வைக்கவும் தெரியணும், விக்கவும் தெரியணும். என் பொண்ணுக்கு ரெண்டும் தெரியும்” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வாரே, அதை நினைத்துக்கொண்டுதான் தூக்கம் வரும்போதெல்லாம் கண்ணைக் கழுவிக்கொள்கிறேன்.

லீவு முடிந்து கிளம்பும்போது நீ பஸ் நிறுத்தத்துக்கு வரவில்லை. கோபமில்லை, குறித்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் சுண்டெலி

பிப்ரவரி 19

சுண்டெலிக்கு,

பஸ் நிறுத்தத்துக்கு வராததற்குக் காரணம் பழுதான மோட்டார்தான், நான் இல்லை. வீட்டில் எல்லோரும் நலம். மேட்டுக்காட்டு அக்கா, கணவர் தவறிய பிறகு, அந்த நிலத்தைத் தானே பயிர் செய்யப் போகிறாளாம். உருளை விதைக்கிழங்கு நம்மிடம்தான் என்று சொல்லிவிட்டுப் போனாள். “மாமா கொடுத்தா கண்ணை மூடிட்டு வாங்குவேன்” என்றாள். அன்று முழுக்க அப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை.

ஒரு விஷயம் உன்னிடம் கேட்க வேண்டும். கீழ் ஓரத்து வரிசையில் சில செடிகள் மதியம் தலை தொங்குகின்றன, சாயங்காலம் நிமிர்ந்துவிடுகின்றன. இலையில் புள்ளி இல்லை, பூச்சி இல்லை. அப்பா தண்ணீர் போதவில்லை என்று வாய்க்காலைத் திருப்பி விட்டிருக்கிறார். உன் புத்தகத்தில் இதற்கு ஏதாவது இருக்கிறதா?

அண்ணன்

பிப்ரவரி 24

அண்ணா,

முதலில் தண்ணீரை நிறுத்து. அப்பா கேட்டால் மோட்டார் மறுபடி மக்கர் பண்ணுகிறது என்று சொல்லிக்கொள்.

பிறகு வாடிய செடி ஒன்றைத் தரையோடு வெட்டு. தண்டின் வெட்டுப்பக்கம் கீழே இருக்கும்படி, கண்ணாடி டம்ளரில் சுத்தமான தண்ணீர் ஊற்றி நிற்க வை. அசைக்காதே. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இரு. என்ன நடக்கிறது என்று அப்படியே எழுது. கத்தியை நெருப்பில் காட்டாமல் வேறு செடியில் வைக்காதே.

ஒன்றும் இருக்காது என்றே நினைத்துக்கொள்வோம்.

சுண்டெலி

மார்ச் 1

சுண்டெலிக்கு,

நீ சொன்னபடி செய்தேன். தண்டின் அடியிலிருந்து வெள்ளையாக, பால் நூல் மாதிரி இறங்கியது. தண்ணீர் கலங்கிவிட்டது. உன்னுடைய ‘ஒன்றும் இருக்காது’ என்ற வரியை வைத்தே எனக்குப் புரிந்துவிட்டது. டம்ளரை உடைத்துப் புதைத்துவிட்டேன். அப்பாவுக்குத் தெரியாது.

என்ன மருந்து அடிக்க வேண்டும் என்று உடனே எழுது.

அண்ணன்

மார்ச் 5

அன்புள்ள அண்ணா,

மருந்து இல்லை. இது கிருமி வாடல். செடிக்குள்ளும் இருக்கும், மண்ணிலும் இருக்கும், வாய்க்கால் தண்ணீரிலும் போகும். நோய் உள்ள கிழங்கும் நல்ல கிழங்கு போலவே வெளியே தெரியும். அதை விதைத்தால் விதைத்த நிலமும் போய்விடும். பல வருடம் அங்கே உருளை எடுக்க முடியாது. அதனால்தான் சட்டப்படி பயிர்ப் பாதுகாப்பு அலுவலகத்துக்குச் சொல்லியே ஆக வேண்டும். அவர்கள் வந்து எல்லாவற்றையும் புதைப்பார்கள்.

நீ அப்பாவிடம் சொல். நாமாகவே போய்ச் சொன்னால் அவர் பெயர் நிற்கும். ஒரு கிழங்கும் வெளியே போக வேண்டாம், அண்ணா. முக்கியமாக மேட்டுக்காட்டு அக்காவுக்கு.

சுண்டெலி

மார்ச் 10

சுண்டெலிக்கு,

கிழங்கு எடுத்தாகிவிட்டது. கிடங்கு நிறைய இருக்கிறது. ஒன்றிலும் ஒரு கீறல் இல்லை. வருகிறவர்கள் கையில் எடுத்துப் பார்த்து அப்பாவைப் புகழ்கிறார்கள். அவரும் சின்னப் பிள்ளை மாதிரி சிரிக்கிறார். அந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்லச் சொல்கிறாய்?

இந்த ஒரு முறை விற்றுவிடுகிறேன். அடுத்த பருவம் வேறு பயிர் போடலாம் என்று அவரை நான் மாற்றிவிடுகிறேன். அக்காவுக்கும் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அவளுக்கு மட்டும் இல்லை என்றால் அப்பா ஏன் என்று கேட்பார். எல்லோருடைய நிலத்திலும் வரும் என்று என்ன நிச்சயம்? நீ வணிகமும் படிக்கிறாய்தானே, கொஞ்சம் அந்தப் பக்கமும் யோசி.

அக்கா திங்கட்கிழமை வண்டியோடு வருகிறாள்.

அண்ணன்

மார்ச் 13

அண்ணா,

அந்தப் பக்கமும் யோசித்தேன். நீ செய்யப் போவது நஷ்டத்தை அக்கா தலையில் கட்டுவது. அதற்கு வியாபாரம் என்று பெயர் இல்லை.

இன்று காலை அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்துவிட்டேன். திங்களுக்கு முன்பே வருவார்கள். இந்தக் கடிதம் உனக்கு எப்போது கிடைக்குமோ தெரியாது. கிடைத்ததும் அப்பாவிடம் சொல்லிவிடு. அவர்கள் வாயிலிருந்து அவர் கேட்க வேண்டாம்.

என்னைத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

சுண்டெலி

ஏப்ரல் 2

தங்கைக்கு,

உன் கடிதத்துக்கு முன்பே அவர்கள் வந்துவிட்டார்கள். அதிகாரி அப்பாவிடம், “உங்க பொண்ணுதாங்க தகவல் கொடுத்தாங்க” என்றார். அப்பா, “அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லி, கிடங்குப் பூட்டைத் தானே திறந்துவிட்டார்.

நிலத்திலேயே குழி வெட்டி, எல்லாவற்றையும் கொட்டி, சுண்ணாம்பு போட்டு மூடினார்கள். கடைசி மூட்டை வரைக்கும் அவர் நின்று பார்த்தார். திங்கட்கிழமை அக்கா வந்தாள். வெறும் வண்டியோடு திரும்பிப் போனாள்.

அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, “உனக்கு முன்னாடியே தெரியுமாடா?” என்று கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு அவர் என் தோளில் கை வைத்து, “நம்ம ரெண்டு பேரையும் ஒரு வார்த்தை கேக்கலையேடா அவ” என்று அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

இப்போது சாப்பாடு நான் வைத்தால்தான் சாப்பிடுகிறார். பழைய வாடிக்கைக்காரர்கள் வந்தால் உள்ளே போய்விடுகிறார். நான் உனக்கு எழுதியது அவருக்குத் தெரிந்தால் அவருக்கு யாரும் மிச்சமில்லை. நீ செய்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் கேட்டால் என்னைக் காட்டிக்கொடுக்காதே. இதைக் கேட்க எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அண்ணன்

ஏப்ரல் 11

அண்ணனுக்கு,

அப்பா ஞாயிற்றுக்கிழமை போனில் பேசினார். நீ வெளியே போயிருந்தாய் போலிருக்கிறது.

“எப்பம்மா பார்த்த?” என்றார்.

“லீவுக்கு வந்தப்பவேப்பா. ஒரு செடியைப் பிடுங்கிட்டு வந்து இங்க சோதிச்சேன்.”

“அப்பவே எங்கிட்ட சொல்லணும்னு தோணலையா?”

“தோணலைப்பா.”

“அண்ணன்கிட்டயாவது?” என்றார். இல்லை என்றேன். “சரி, படி” என்று வைத்துவிட்டார். அதன் பிறகு நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை.

இந்த விடுமுறைக்கு நான் வரவில்லை. பண்ணையில் வேலை கொடுத்திருக்கிறார்கள். அடுத்த விடுமுறையைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

நிலத்தைச் சும்மா போடாதீர்கள். மக்காச்சோளம் போடலாம். உருளை, தக்காளி, கத்திரி, மிளகாய் எதுவும் பல வருடத்துக்கு வேண்டாம். தானாக முளைக்கிற உருளைச் செடியையும் விடாமல் பிடுங்கி எரி. மண்வெட்டியை யாருக்கும் இரவல் கொடுக்காதே.

அப்பா காரணம் கேட்டால் அலுவலகத்தில் சொன்னார்கள் என்று சொல். நான் சொன்னேன் என்றால் செய்ய மாட்டார்.

தங்கை