பின்வாசல் வழியாகப் போன தோட்டம்

மார்ச் 6, வெள்ளி

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் தோட்டம் பார்க்கப் போகிறோமாம். இந்தப் பக்கத்து மண்ணில் தானாக வளர்கிற செடிகளை மட்டும் வைத்திருக்கிறார்களாம். மருமகள் சொன்னாள். வரவில்லை என்றேன். இன்னொரு தரம் கூப்பிடுவாள் என்று பார்த்தேன். மகன்தான் கூப்பிட்டான்.

பேத்தி கைக்குழந்தையாக இருந்தபோது விக்கல் எடுத்ததென்று ஒரு கரண்டி தண்ணீர் கொடுத்தேன். "கேக்காம எதையும் வாயில வைக்காதீங்க அத்தை" என்றாள், என் தங்கை எதிரிலேயே. மஞ்சள் புடவை, கையில் ஈரத்துண்டு. மறப்பேனா? அதிலிருந்து வேலைக்குப் போகும்போது வாண்டைப் பக்கத்து வீட்டில்தான் விடுகிறாள். நான் இங்கே குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

மார்ச் 8, ஞாயிறு

வாண்டு தூங்குகிறதா என்று மூன்று தரம் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

முன்வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை. பின்வாசல் வழியாக நுழைந்தோம். காலமெல்லாம் நான் பிடுங்கி எறிந்த களைக்கெல்லாம் வேலி போட்டுப் பெயர்ப்பலகை வைத்திருக்கிறார்கள். எனக்கில்லாத மரியாதை.

வாண்டை என் இடுப்பில் ஏற்றிவிட்டு மகனும், அவன் பின்னாலேயே மருமகளும் முன்னால் போய்விட்டார்கள். ஒரு பாத்தியில் மணத்தக்காளி கறுகறுவென்று பழுத்திருந்தது. ஆசையில் பறித்து வாண்டின் வாயில் போட்டேன். சப்புக்கொட்டித் தின்றது. அப்புறம்தான் பக்கத்துப் பலகை கண்ணில் பட்டது. கண்ணைச் சுருக்கிப் படித்தேன். நச்சுச் செடி. உண்ணக்கூடாது.

மணத்தக்காளிதான், எனக்குத் தெரியாதா? ஆனால் பலகை? என் கண்ணுதான் கெட்டுப்போச்சா? ஐயோ என் தங்கமே — சொல்லாம இருந்துடலாமா? இருந்து, அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா? சொன்னா ஜென்மத்துக்கும் பிள்ளைய என் கையில குடுக்க மாட்டாளே.

கத்திக் கூப்பிட்டேன். "நான்தான் குடுத்தேம்மா."

அவள் திட்டவில்லை. பிள்ளையின் வாயில் விரல் விட்டு வழித்தாள். தோட்டத்து ஆளைக் கூட்டிவர மகனை விரட்டிவிட்டு, பிள்ளையை இடுக்கிக்கொண்டு பலகை பலகையாக ஓடிப் படித்தாள். சட்டென்று நின்றாள்.

"அத்தை, நாம தலைகீழா வந்திருக்கோம்."

முன்வாசலிலிருந்து வருகிறவர்களுக்கு முதலில் பலகை, அதைத் தாண்டினால் அதற்குரிய செடி. நாங்களோ எதிர்ப்பக்கமிருந்து வந்தவர்கள். விஷப் பலகை, நாங்கள் ஏற்கெனவே தாண்டிவந்த செடிக்கு. என் செடியின் பலகை அதற்கு அந்தப் பக்கம் இருந்தது: மணத்தக்காளி. தோட்டக்காரரும் வந்து பார்த்து அதையேதான் சொன்னார். பறித்ததற்காக எனக்கு நல்ல அர்ச்சனை. தேனாய் இனித்தது.

மருமகள் பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். "மறைக்காம சொன்னீங்களே அத்தை" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குச் சொல்ல ஒரு மூட்டை சேர்த்து வைத்திருந்தேன். அதை விட்டுவிட்டு முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தேன்.

மார்ச் 9, திங்கள்

வாண்டு நன்றாகத் தூங்கி எழுந்து என் கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தது. எறியட்டும்.

மார்ச் 11, புதன்

காலையில் மருமகள் பக்கத்து வீட்டுக்குப் போகவில்லை. பிள்ளையையும் பால் புட்டியையும் என் கட்டிலில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள். வாசலில் திரும்பினாள். வருகிறது உபதேசம் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

"பலகை பாத்துக் குடுங்க அத்தை."

அவள் படியிறங்கும் வரை பொறுத்திருந்து சிரித்தேன்.

தண்ணீர் விஷயத்தை விட்டுவிட்டேன். கல்யாணத்தன்று அவள் அம்மா என்னைச் சுற்றாத மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்தாளே, அது வேறு. அதை விடுவதாக இல்லை.

வாண்டு பேனாவைப் பிடுங்குகிறது.