அப்பா தூங்குகிறார்

12-2-79, திங்கள்
காலையில் பனி. கொடியில் போட்ட வெள்ளைப் புடவையில் வழக்கம்போல் அனல்மின் நிலையச் சாம்பல், மறுபடி அலசல். வாங்க: நீல மை, சீயக்காய், மண்ணெண்ணெய்.

நாலாம் வகுப்புக்கு மாதத் தேர்வு, படித்து ஊகித்தல். புத்தகத்தில் இருப்பதெல்லாம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். அதனால் புறப்படும் அவசரத்தில், வீட்டில் கண்ணில் பட்டதையே எழுதிக்கொண்டு போனேன்:

“பகல் நேரம். ஜன்னல்கள் சாத்தியிருக்கின்றன. ரேடியோ பாடவில்லை. வாசலில் அப்பாவின் செருப்பு. அதன் மேலெல்லாம் சாம்பல். அம்மா சத்தமில்லாமல் நடக்கிறாள். அப்பா எங்கே?”

நாற்பதில் முப்பத்தொன்பது பேர்: நைட் ஷிப்ட் முடிந்து தூங்குகிறார். சபாஷ். குறிஞ்சிப்பாடிப் பக்கமிருந்து புதிதாகச் சேர்ந்த செல்வி மட்டும்: “அப்பா உள்ளே இல்லை.” முட்டை போட்டேன்.

13-2, செவ்வாய்
எச்.எம். மார்க் பார்த்தார். “அந்தச் செல்விக்குப் படிச்சாப் புரியல. வெள்ளிக்கிழமையிலேருந்து மூணாவதுல உக்காரட்டும்.” மூன்றாவதில் அவள் தம்பி படிக்கிறான். பாவம்.

மத்தியானம் கூப்பிட்டு, எதை வைத்து அப்படி எழுதினாய் என்று கேட்டேன்.

“செருப்பு மேலெல்லாம் சாம்பல்னு போட்டுருக்கீங்க டீச்சர். காலைல கழட்டிட்டுப் படுத்திருந்தா, அதுக்குள்ள கால் வெக்கிற எடத்துல எப்டி சாம்பல் இருக்கும்?”

“அப்போ அம்மா ஏன் சத்தமில்லாம நடக்குறாங்க?”

“உள்ள ஆள் இருக்குதுன்னு பக்கத்து வூட்ல நெனச்சிக்கினு இருக்கணும்ல.”

அவளை வகுப்புக்கு அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் வாசலில் என் வீட்டுக்காரர் செருப்பைப் பார்த்தேன். பெருவிரல் பதிந்த குழியில்கூடச் சாம்பல். ஷூவை மாட்டிக்கொண்டு அவர் போய் நான்கு மாதம். ஆபீசுக்கு லீவு எழுதத் தெரிந்தவருக்கு எனக்கு ஒரு வரி எழுத வரவில்லை. நைட் ஷிப்ட் என்றால் இந்த ஊரில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. அதையே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்போதுகூடத் தட்டைச் சத்தமில்லாமல்தான் வைத்தேன். உள்ளறையில் யார் விழித்துக்கொள்வார்கள் என்று? பயமாக இருக்கிறது.

14-2, புதன்
மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. செல்வி சொன்னதை எச்.எம்.மிடம் சொன்னால் அவள் தப்பிப்பாள், என் குட்டு உடையும். போன வாரம்தான் எச்.எம். எங்கள் வீட்டுக்குக் காதுகுத்துப் பத்திரிகை கொடுக்க வந்தார். “அவர் தூங்குறாருங்க” என்று வாசலோடு அனுப்பினேன். மார்க்கை மட்டும் திருத்தலாமா? காரணம் கேட்பார்.

15-2, வியாழன்
விடைத்தாளோடு போனேன். அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். எச்.எம். நான் எழுதியதை இரண்டு தடவை படித்தார். முட்டையை அடித்துப் பத்துக்குப் பத்து போட்டார்.

“அவ நாலாவதுலயே இருக்கட்டும்.”

பேனாவை மூடினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“எத்தன மாசமாச்சும்மா?”