மணலுக்கு ஏற்ற வண்டி

ஜூலை 12, சனி

இன்றும் ஒரு வண்டி வேண்டாம் என்றாகிவிட்டது.

ஆகஸ்ட் விடுமுறையில் வடக்கே மணற்காட்டுக்குப் போய், கடற்கரையில் கூடாரம் அடித்துத் தங்குவதென்று முடிவு. மகள் நிலக்ஷிதான் ஆரம்பித்து வைத்தாள். "அப்பா இருந்த பாலைவனம் மாதிரியே அங்கயும் மணல் மேடு இருக்காம்மா." என் வீட்டுக்காரர் துபாய்ப் பக்கம் பாலைவனத்தில் சுற்றுலாக்காரர்களை ஏற்றி ஆறு வருடம் ஜீப் ஓட்டியவர். அதனால் வண்டியை அவரே தெரிவு செய்யட்டும் என்று நானும் தம்பி சுமனும் விட்டுவிட்டோம்.

நோர்வூட்டில் பார்த்த வேன் பாரமாம், புதையுமாம். ஹட்டனில் பார்த்த ஜீப்புக்கு டயர் ஒடுக்கமாம். இன்று பார்த்ததற்கு என்ன குறை என்றே சொல்லவில்லை. தலையை ஆட்டிவிட்டு நடந்துவிட்டார்.

நானும் ஓட்டுகிறவள்தான். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தினமும் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். எந்த வண்டி நல்லது என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் அது தோன்றவில்லை, பாருங்கள்.

ஜூலை 16

விடாத மழை. வேனைக் கழுவினேன், மழையிலேயே. கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

ஜூலை 19

சுமன் வட்டவளையில் இருக்கும் கூட்டாளியின் டபள் கெப் பிக்கப்பைக் கொண்டு வந்தான். நாலு சக்கரமும் இழுக்கும். நல்ல உயரம், அகலமான டயர். அவர் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து டயரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்த மாதிரி இருந்தது.

"மச்சான், ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்களேன்" என்று சுமன் சாவியை நீட்டினான்.

அவர் கை நீளவில்லை. "பிரேக் சரியில்ல."

வண்டியை இன்னும் ஸ்டார்ட் பண்ணிக்கூடப் பார்க்கவில்லை! சுமன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூலை 20

அவர் ஊர் திரும்பி நாலு மாதம். ஒரு தடவையாவது ஸ்டியரிங்கைத் தொட்டாரா? எனக்குக் காய்ச்சல் வந்த அன்றுகூட, வேனை ஓட்ட சுமனைத்தானே கூப்பிட்டார்? களைப்பு என்று நினைத்தேன். ஆறு வருடம் ஓட்டியவருக்கு அலுத்திருக்கும் என்று நினைத்தேன் —

என்ன ஆச்சு இந்த மனுசனுக்கு? கேட்டா சொல்லவா போறாரு? கேக்காம நான்தான் எத்தன நாளைக்கு இப்புடி வெந்துக்கிட்டு இருக்கது?

ஜூலை 24

கேட்டுவிட்டேன்.

பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது அவரும் வேனில் இருந்தார். தேயிலை ஓரமாக நிறுத்தினேன். "ஏங்க, வண்டியிலயா குறை? இல்ல உங்களுக்குப் பயமா?"

கண்ணாடியில் படிந்திருந்த ஆவியை உள்ளங்கையால் துடைத்தார்.

"வண்டி உருண்டுருச்சு ஜெயந்தி. மணல் மேட்டுல. எம் மேல பிழை இல்லன்னுதான் சொன்னாங்க. ஆனா பக்கத்துல இருந்த நேபாளக்காரரு எழும்பவே இல்ல."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா, நீயும் பிள்ளையும் நான் ஓட்டுற வண்டியில ஏறுவீங்களா?"

பயணத்தை நிறுத்திவிடலாம் என்றேன். வேண்டாம், பிள்ளை ஆசைப்பட்டுவிட்டது என்றார்.

"அப்ப நான் ஓட்டுறேன்."

"மணல்ல ஓட்டியிருக்கியா?"

"சேத்துல ஓட்டியிருக்கேன்."

சிரித்தாரா, அழுதாரா தெரியவில்லை. அப்படியொரு சத்தம் வந்தது அவரிடமிருந்து.

ஜூலை 25

வட்டவளைக் கெப்தான். பிரேக்கில் ஒரு குறையும் இல்லை.

ஆகஸ்ட் 10, மணற்காடு

தார் ரோடு முடிந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். நாலு டயரிலும் காற்றைக் குறைத்தார். "அப்பத்தான் மணல்ல அகலமாப் படியும்." சவுக்கு மரங்களுக்கு நடுவே போகும் தடத்தில் கொஞ்ச தூரம் நன்றாகத்தான் போனது. பிறகு முன்சக்கரம் இறங்கியது. நான் பதறிப்போய் அழுத்தி மிதித்தேன், இன்னும் புதைந்தது.

"மிதிக்காத! மிதிக்காத!"

கத்திக்கொண்டே குதித்தார். அவரும் சுமனும் மண்டியிட்டு மணலை வாரினார்கள். "இப்ப பின்னால எடு. வந்த தடத்துலயே. மெதுவா..." வண்டி ஒரு முனகல் முனகிவிட்டு வெளியே வந்தது.

இனி நடந்தே வருவார் என்று நினைத்தேன். கதவோரம் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். "ம். போ."

அந்திக்கு முன்பே கூடாரம் அடித்துவிட்டோம். கடல் ஒரு பக்கம், மணல் மேடு மறுபக்கம். "அப்பா, பாலைவனம் இப்புடித்தானா?" என்றாள் நிலக்ஷி.

"அங்க அலைச் சத்தம் இருக்காது. ராத்திரி ரொம்ப அமைதியா இருக்கும். எனக்குத் தீபக்னு ஒரு கூட்டாளி இருந்தாரு. அந்த அமைதி பிடிக்காம சத்தமாப் பாடுவாரு. ராகமே வராது."

அந்த நேபாளக்காரரின் பெயரை நானே இன்றுதான் கேட்கிறேன். அவள் பாடிக் காட்டச் சொன்னாள். பாடினார். அவருக்கும் வரவில்லை.

ஆகஸ்ட் 12

வீடு வந்து சேர்ந்தோம். கண்டி தாண்டும்வரை அவர் வழி சொல்லிக்கொண்டே வந்தார், எனக்குத் தெரியாத வழி போல. கினிகத்தேனை ஏற்றத்தில் பேச்சு நின்றது. திரும்பிப் பார்த்தேன். தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. நல்ல தூக்கம்.

வளைவுகளில் குலுங்காமல் இருக்க ஊர்ந்துதான் ஓட்டினேன். பின்னால் பஸ்காரர்கள் ஹோர்ன் அடித்துத் தீர்த்தார்கள். அடிக்கட்டும்.